டயர் முதலில், உயரம் கடைசியில்

பிக்கப் வண்டியை உயர்த்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு கடைக்குள் நுழைகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை அங்குலம் ஏற்றலாம்?" என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது, கடைக்காரரும் உடனே விடை சொல்லிவிடுகிறார், விடை கிடைத்த சந்தோஷத்தில், அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய மூன்று கேள்விகள் கேட்கப்படாமலே போய்விடுகின்றன. வண்டி எந்தச் சாலையில், எவ்வளவு பாரத்தோடு போகப்போகிறது என்பது முதற் கேள்வி. அந்தச் சாலைக்கும் பாரத்துக்கும் ஏற்ற டயர் எது என்பது இரண்டாவது. அந்த டயரை எந்தச் சக்கரத்தில் ஏற்றுவது என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் விடை கண்டவருக்கு அங்குலக் கணக்கு தானே தீர்ந்துபோகும். ஏனெனில் வண்டியின் உடலைத் தூக்குவது பிரதானமாக டயருக்கு இடம் பண்ணிக்கொடுக்கும் உபாயமே.

உதாரணத்துக்கு, அமெரிக்காவில் 2016 முதல் 2023 வரையிலான மாடல்களாக விற்பனையான மூன்றாம் தலைமுறை டொயோட்டா டகோமாவை எடுத்துக்கொள்கிறேன். அதன் முன்புறத்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்களும், அவற்றின் நடுவே சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய் இணைந்த தூணும் உண்டு. பின்புறத்தில் பட்டை ஸ்பிரிங்குகள் தாங்கும் ஒரே முழு அச்சு. ஃபோர்டு எஃப்-150, செவ்ரோலே சில்வராடோ 1500 ஆகியவற்றின் அமைப்பும் சாராம்சத்தில் இதுவேயாதலால், டகோமாவுக்குச் சொல்லுவதை, அளவுகளை மாத்திரம் மாற்றிக்கொண்டு, அவற்றுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ராம் 1500 மட்டும் 2009 மாடலிலிருந்து பின்புறத்திலும் சுருள் ஸ்பிரிங் உடையது.

கொலராடோ மாநிலத்தில் எனக்குப் பழக்கமான ஒருவர், இத்தகைய வண்டியொன்றை வாங்கிய சில மாதங்களுக்குள் முன்புறம் 3 அங்குலமும் பின்புறம் 2 அங்குலமும் உயர்த்திக்கொண்டார். டயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பழைய டயர்களையே வைத்துக்கொண்டு, யூரே ஊரிலிருந்து டெல்லுரைடுக்கு 13,114 அடி உயரத்தில் மலையைக் கடக்கும் இமோஜின் கணவாய்ப் பாதையில் புறப்பட்டார். பாதி வழியில் ஒரு பாறை வண்டியின் அடியில் பலமாக மோதியது. மோதிய இடம் பின்னச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் உருண்டை. உயர்த்துவதற்கு முன் அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்ததோ, உயர்த்திய பின்பும் ஒரு நூலளவு வித்தியாசமின்றி அதே உயரத்தில்தான் இருந்தது என்பதை அவர் அன்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். எண்ணெய் ஒழுகாமல் ஊர் திரும்பியது அவருடைய பாக்கியம். அவர் திரும்பி வந்து என்னிடம் கேட்ட கேள்விகளே இந்த அத்தியாயத்துக்கு வித்து.

காரணம் எளிது. பின்னச்சு தன் இரு முனைகளிலும் உள்ள சக்கரங்களின்மேல் நிற்கிறது. அச்சுக்கும் உடலுக்கும் இடையே எத்தனை கட்டைகளையும் பட்டைகளையும் சொருகினாலும், அவை அச்சுக்கு மேலே உள்ளதைத் தூக்குமேயல்லாமல் அச்சைத் தூக்கமாட்டா. அச்சைத் தூக்கக்கூடியது டயர் ஒன்றே. அதுவும் பாதிக் கணக்கில்: டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் அச்சு 1 அங்குலம் ஏறும். முன்புறத்து டிஃபரன்ஷியல் சேஸில் பொருத்தப்பட்டிருப்பதால் வண்டியோடு கூடவே உயரும் என்பது உண்மை; முன்மூக்கும் கதவடியும் பாறையில் தட்டாமல் ஏறி இறங்கும் கோணங்கள் விருத்தியாகும் என்பதும் உண்மை; இந்த லாபங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் பாறைப் பாதையில் முதலில் அடிபடும் அங்கம் எதுவோ, அதற்கு லிஃப்ட் கிட் எவ்வித ரக்ஷணையும் தருவதில்லை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டே மேலே போகவேண்டும்.

ஆகவே டயரில் தொடங்குவோம். டகோமாவின் சில வகைகளில் ஆலையிலிருந்தே வரும் அளவு 265/70 ஆர் 16. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது, அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 265-இல் நூற்றுக்கு 70 என்பது 185.5 மில்லிமீட்டர், அதை இரட்டித்து, 16 அங்குலமாகிய 406.4 மில்லிமீட்டரைக் கூட்டினால் 777.4 மில்லிமீட்டர், அதாவது சற்றேறக்குறைய 30.6 அங்குலம். இதே கணக்கில் 265/70 ஆர் 17 என்பது 31.6 அங்குலமும், பலரும் விரும்புகிற 285/70 ஆர் 17 என்பது 32.7 அங்குலமும் ஆகின்றன. முன்னதில் அச்சுக்குக் கிடைப்பது அரை அங்குலம். பின்னதில் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம். காகிதமும் பென்சிலும் கொண்டு இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்தவர், கடையில் மாட்டிவைத்திருக்கும் படங்களைக் கண்டு மயங்கமாட்டார்.

இனி, அந்த ஓர் அங்குலத்துக்கு வண்டி கொடுக்கும் கிரயத்தையும் பார்க்கவேண்டும். 777.4-இலிருந்து 830.8 மில்லிமீட்டருக்குப் போவது கிட்டத்தட்ட நூற்றுக்கு ஏழு பங்கு வளர்ச்சி. வேகமானி 60 மைல் என்று காட்டும்போது வண்டி உண்மையில் 64 மைல் வேகத்தில் போகும். ஓடிய தூரத்தையும் குறைத்தே காட்டும். டகோமாவின் வி-6 ஆட்டோமேட்டிக் வண்டியில் டிஃபரன்ஷியலின் பல்விகிதம் 3.91, பெரிய டயர் ஏறியதும் அது 3.66 போல் நடந்துகொள்ளும். மேட்டில் கியர் அடிக்கடி இறங்குவதும், எஞ்சின் திணறுவதாகத் தோன்றுவதும், பெட்ரோல் அதிகம் செலவாவதும் இதன் விளைவுகளே. டயரும் ரிம்மும் கனத்துப்போனால் பிரேக்குக்கும் வேலை மிகும். சக்கரத்தின் சுற்றளவில் கூடும் கனம், வண்டியின் தொட்டியில் ஏற்றும் கனத்தைப் போன்றதன்று. ஒவ்வொரு தடவையும் அதைச் சுழற்றிவிடவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும்.

டயரின் பக்கத்தில் பி என்றோ எல்.டி. என்றோ எழுதியிருப்பதைக் கவனிக்காமல் வாங்குகிறவர்கள் பலர். பி என்பது பிரயாணிகள் வண்டிக்கான டயர், எல்.டி. என்பது பாரம் சுமக்கும் இலகு டிரக்குக்கானது. எல்.டி. டயர்களில் சி, டி, ஈ என்று தாங்குதிறன் படிகள் உண்டு. சாதாரணமாக அவற்றின் உச்சக் காற்றழுத்தம் முறையே 50, 65, 80 பி.எஸ்.ஐ. ஈ படி டயரின் சுவர் கெட்டியானது, கூர்மையான கல்லுக்கு எளிதில் கிழியாது. ஆனால் கனமானது, வெறும் வண்டியில் முரட்டுத்தனமாக ஓடுவது. பெரிய கூடாரமோ, வின்சோ, இழுவண்டியோ இல்லாதவர் சி படியோடு நிற்பது உத்தமம் என்பது என் அபிப்பிராயம். பி வகையிலிருந்து எல்.டி. வகைக்கு மாறுகிறவர், கதவோரத்தில் ஒட்டியுள்ள சீட்டின் காற்றழுத்தத்தையே தொடர்ந்து பின்பற்றலாகாது; அதே பாரத்தைச் சுமக்க எல்.டி. டயருக்கு அதிக அழுத்தம் வேண்டும். எவ்வளவு என்பதை டயர் உற்பத்தியாளர்கள் வெளியிடும் பார அட்டவணை சொல்லும்.

டயர் நிச்சயமான பிறகு சக்கரம். இங்கே அழகுக்கு வசப்பட்டு அளவை மறப்பவர்களே மிகுதி. டகோமாவின் ஹப்பில் ஆறு ஸ்டட்கள், 139.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நிற்கின்றன. ஹப்பின் நடுமேடு 106.1 மில்லிமீட்டர். ஃபோர்டு எஃப்-150-இலும் 2004 முதல் ஆறு ஸ்டட்களே, ஆனால் வட்டம் 135 மில்லிமீட்டர், நடுமேடு 87.1. இரண்டு வட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவாதலால் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. பழைய சக்கரங்களை ஒருவரிடமிருந்து மலிவாக வாங்குகிறவர் அளவுகோல் இல்லாமல் போகக்கூடாது. சக்கரத்தின் நடுத்துளை ஹப்பின் மேட்டைவிடப் பெரிதாயிருந்தால், இடைவெளியை நிரப்பும் வளையம் போட்டு மையம் பிசகாமல் உட்காரச் செய்வது நல்லது. துளை சிறிதாயிருந்தால் சக்கரம் உட்காரவே உட்காராது.

எல்லாவற்றிலும் முக்கியமாகவும் எல்லாவற்றிலும் குறைவாகவும் கவனிக்கப்படுவது ஆஃப்செட். சக்கரத்தின் அகலத்துக்கு நட்டநடுவில் ஒரு கோடு போட்டால், ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கம் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அது நேர் எண். உட்பக்கம் தள்ளியிருந்தால் எதிர் எண். 7 அங்குல அகலமும் +30 ஆஃப்செட்டும் உள்ள சக்கரத்தைக் கழற்றிவிட்டு, 8.5 அங்குல அகலமும் 0 ஆஃப்செட்டும் உள்ள சக்கரத்தை மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். பழையதன் பாதி அகலம் 88.9 மில்லிமீட்டர், அதில் 30 போக, ஹப்பிலிருந்து வெளியே நீண்டது 58.9. புதியதன் பாதி அகலம் 108, கழிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே சக்கரத்தின் வெளிவிளிம்பு 49 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு அங்குலம், வெளியே வந்துவிடுகிறது; உட்பக்கத்திலோ 11 மில்லிமீட்டர் இடம் புதிதாகக் கிடைக்கிறது. அப்பர் ஆர்மில் டயர் உரசாமல் இருக்க அந்த 11 மில்லிமீட்டர் உதவும். ஆனால் வெளியே வந்த இரண்டு அங்குலம், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டயரைப் பெரிய வில்லாக வீசச் செய்து, முன் மட்கார்டின் பின்மூலையிலும், கேபினைச் சேஸோடு பிணைக்கும் இரும்புத் தாங்கியிலும் கொண்டுபோய் உரசவிடும். வண்டியை உயர்த்தினால் இந்த உரசல் நின்றுவிடும் என்று நம்புவது பெரும் பிழை. ஸ்பிரிங் முழுதும் அமுங்கும் கணத்தில் சக்கரம் பழைய இடத்துக்கே ஏறிவருகிறது. 285/70 ஆர் 17 போட்ட டகோமாக்களில் அந்தத் தாங்கியின் மூலையை அறுத்துத் தகடு வைத்துப் பற்றவைக்கும் வேலை அடிக்கடி நடப்பதன் காரணம் இதுவே. சேஸின் அங்கத்தை அறுப்பதற்கு எனக்குக் கை வருவதில்லை. அறுக்காமல் அடங்கும் டயரையும், +25-க்கு அருகிலுள்ள ஆஃப்செட்டையும் தேர்ந்துகொள்ளும்படியே கேட்கிறவர்களுக்குச் சொல்லி வருகிறேன். வெளியே தள்ளிய சக்கரம் ஹப்பின் பேரிங்கை நெம்புகோலாக நின்று வதைப்பதும், பள்ளத்தில் விழும்போது ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்குவதும் கூடவே வரும் துன்பங்கள்.

சக்கரத்தின் உட்புறத்தில் அது தாங்கும் பாரம் பொறிக்கப்பட்டிருக்கும். அச்சின் அனுமதிக்கப்பட்ட பாரத்தில் பாதிக்குக் குறையாத எண் இருக்கவேண்டும். நட் விஷயத்தில் ஒரு நுட்பம். டொயோட்டாவின் அலாய் சக்கரங்களுக்கு வாஷரோடு கூடிய தட்டையான அடியுள்ள நட். பிறர் செய்து விற்கும் சக்கரங்களுக்கோ பெரும்பாலும் கூம்பு வடிவமான அடியுள்ள நட் தேவை. இரண்டுக்கும் மரை எம் 12 × 1.5 ஒன்றே என்பதால் பழைய நட் புதிய சக்கரத்திலும் முறுகிவிடும். முறுகிவிட்டதே என்று நம்பி நெடுஞ்சாலைக்குப் போனால் சக்கரம் தளர்ந்துவிடும்.

இப்பொழுதுதான் உயரத்துக்கு வருகிறோம். 265/70 ஆர் 17 டயரும் மிதமான ஆஃப்செட்டும் தேர்ந்தவருடைய டகோமாவில் அந்த டயர் பெரும்பாலும் உயர்த்தாமலே அடங்கிவிடும். அவருக்கு லிஃப்ட் கிட் என்பது ஸ்பிரிங்குகளைப் பாரத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் சந்தர்ப்பம் மாத்திரமே. அதிகம் வேண்டுபவர் முன் நிற்கும் வழிகள் சில. கேபினுக்கும் சேஸுக்கும் நடுவே கட்டைகள் வைத்து உடலை மட்டும் தூக்குவது ஒன்று; அதனால் சஸ்பென்ஷன் மாறாது, சேஸின் உயரமும் மாறாது; அதை நான் சிபாரிசு செய்வதில்லை. முன்தூணின் தலையில் வட்டத் தகடு வைத்து ஏற்றுவது மலிவான வழி. தூண் ஆர்மின் நடுப்பகுதியில் ஊன்றியிருப்பதால், மேலே வைக்கும் 1 அங்குலத் தகடு சக்கரத்தினிடத்தில் ஏறக்குறைய 2 அங்குலமாகப் பெருகும். இதில் பழைய ஸ்பிரிங்கும் பழைய ஷாக்கும் அப்படியே இருக்கின்றன. சக்கரம் கீழே தொங்கக்கூடிய எல்லை மட்டும் ஆர்மும் பால் ஜாயின்ட்டும் பொறுக்கும் அளவைத் தாண்டித் தாழ்ந்துவிடுகிறது. நகரத்தில் ஓடும் வண்டிக்கு ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் இப்படி ஏற்றுவதைக் குறை சொல்லமாட்டேன்.

மலைப் பாதைக்குச் செல்கிறவருக்கு நேரான வழி, தூணையே மாற்றுவது. பில்ஸ்டைன் 5100 என்ற ஷாக்கின் உடலில் பல பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஸ்பிரிங்கின் தட்டைத் தாங்கும் வளையத்தை எந்தப் பள்ளத்தில் போடுகிறோமோ அதற்கேற்ப உயரம் அமையும். ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் ஓல்டு மேன் ஈமு ஸ்பிரிங்குகள், வண்டியின் முன்னால் இரும்பு பம்பரும் வின்சும் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து வெவ்வேறு பலத்தில் கிடைக்கின்றன. இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஸ்பிரிங் விற்கும் கடையில் நான் வாங்கமாட்டேன். இல்லாத பம்பருக்காகப் பலமான ஸ்பிரிங் போட்டால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு குதிரைபோல் துள்ளும். இருக்கிற பம்பருக்குப் பலவீனமானதைப் போட்டால் வாங்கிய உயரம் முழுவதும் ஒரே நாளில் அமுங்கிப்போகும். ஷாக்கில் ஒற்றைக்குழாய் வகையையே விரும்புகிறேன். பிரான்சு தேசத்து த கார்பன் வகுத்த அம்முறையில், எண்ணெயையும் அழுத்தமான நைட்ரஜன் வாயுவையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரித்துவைப்பதால், மணிக்கணக்காகக் கல்பாதையில் ஓடி எண்ணெய் சூடேறிய பிறகும் நுரைத்துச் சோர்ந்துபோவதில்லை.

முன்புறம் இரண்டரை அங்குலத்தைத் தாண்டும்போது சங்கடங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். முன்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் அரையச்சுகள் செங்குத்தாகச் சாய்ந்து, சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் உறை மடிப்புக்கு மடிப்பு உரசிக் கிழியும். மண் புகுந்தால் ஜாயின்ட்டின் ஆயுள் அதோடு முடிந்தது. சக்கரம் நேராக ஓட உதவும் பின்சாய்வாகிய காஸ்டர் குறைந்துபோய், நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாமல் அலையும். இதைச் சரிசெய்யக் காஸ்டரைத் திருத்தி வடிவமைத்த புதிய அப்பர் ஆர்ம் வாங்கவேண்டும். 6 அங்குலக் கிட்டுகள், முன் டிஃபரன்ஷியலையும் கீழ் ஆர்ம்களின் தாங்கிகளையும் புதிய இரும்புகளால் கீழே இறக்கி, அரையச்சுகளின் கோணத்தைக் காப்பாற்றுகின்றன. ஆகவே உடல் 6 அங்குலம் உயர்ந்தாலும், அடியில் தொங்கும் அந்த இரும்புகள் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நின்று பாறையை எதிர்நோக்குகின்றன. பாரமையமும் உயர்ந்து வண்டி கவிழும் அபாயமும் மிகுகிறது. குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அந்த உயரம் வேண்டாம் என்று திண்ணமாகச் சொல்லுகிறேன்.

பின்புறத்துக்கு, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து நீண்ட யூ போல்ட்டால் இறுக்குவது ஒரு முறை. பட்டைக் கட்டில் ஒரு பட்டையைக் கூட்டுவது மற்றொன்று. கட்டு முழுவதையும் புதிதாக மாற்றுவது மூன்றாவது. கட்டை பாரத்துக்கு உதவாது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டை அடுக்குவது எக்காரணத்தாலும் கூடாது. எப்போதும் தொட்டியில் சாமான் சுமப்பவர் புதிய கட்டுக்கே பணம் சேர்க்கட்டும். எந்த முறையானாலும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, வண்டி புறப்படும்போது ஓர் அதிர்வு தோன்றலாம். நடு பேரிங்கை இறக்கும் துண்டோ, அச்சின் கோணத்தைத் திருத்தும் ஆப்புத் தகடோ அதற்குப் பரிகாரம். ஆலையிலிருந்து வரும் வண்டி வெறுமையாக நிற்கும்போது பின்புறம் சற்று உயர்ந்தே இருக்கும். பாரம் ஏறியதும் சமமாக வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. முன்புறத்தை மட்டும் உயர்த்தி அதை அழித்துவிட்டால், பாரம் ஏற்றிய இரவில் விளக்கொளி எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். முன்னை உயர்த்திப் பின்னைத் தாழ்த்தும் மோகம் கட்டுமீறிப்போய், வட கரோலினா மாநிலம் முன் மட்கார்டு பின்னதைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கும்படி மாற்றுவதை 2021-இல் சட்டத்தால் தடுத்தது. வேறு மாநிலங்களிலும் பின்னர் இத்தகைய சட்டங்கள் வந்தன. உயரத்துக்கும், டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டுவதற்கும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. வாங்குமுன் தம் மாநில விதியைப் படிப்பது அவசியம். வாரண்டியைப் பொறுத்தவரை, 1975-இன் மேக்னஸன்-மாஸ் சட்டப்படி, வேற்றுப் பாகம் பூட்டிய ஒரே காரணத்தால் முழு வாரண்டியையும் மறுக்க இயலாது; ஆனால் உயர்த்தியதனால் கிழிந்த சி.வி. உறைக்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.

பூட்டும் வேலையில் சில எச்சரிக்கைகள். அமுக்கிய சுருள் ஸ்பிரிங் விடுபட்டால் உயிரைப் பறிக்கவல்லது. அதற்குரிய சாதனமும் பழக்கமும் இல்லாதவர் தொடவேண்டாம், கோத்துத் தயாராக வரும் தூணை வாங்கிப் பூட்டலாம். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய டகோமாவின் கீழ் ஆர்ம் போல்ட்டுகள் புஷ்ஷோடு துருவேறி ஒட்டிப்போயிருப்பது சகஜம். அவை திரும்பாவிட்டால் அலைன்மென்ட்டே செய்ய முடியாது. ஆகவே கிட்டை வாங்குவதற்கு முன்பே அவற்றை அசைத்துப் பார்க்கச் சொல்லவேண்டும். புஷ்கள் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்காமல், வண்டியைத் தரையில் இறக்கி அதன் பாரம் முழுவதும் உட்கார்ந்த பிறகே இறுக்கவேண்டும். இல்லாவிடில் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து விரைவில் பிய்ந்துபோகும். 2018 முதல் டகோமாக்களில் முன்னால் ரேடாரும் கண்ணாடியில் காமிராவும் இருப்பதால், அவற்றின் பார்வையைச் சரிபார்ப்பதையும் அலைன்மென்ட்டோடு சேர்த்துக்கொள்ளவேண்டும். முன்விளக்குகளையும் தாழ்த்தித் திருத்தவேண்டும்.

எல்லாம் முடிந்ததும், கடை முற்றத்தை விட்டு வெளியே போவதற்கு முன், ஒரு முன்சக்கரத்தைப் பலமான மரக்கட்டையின்மேல் ஏற்றி நிறுத்தி, ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுவதும், பிறகு வலப்பக்கம் முழுவதும் திருப்பச் சொல்லி, டார்ச்சு விளக்கோடு குனிந்து பாருங்கள்: டயர் எங்கே தொடுகிறது, தொங்கும் சக்கரத்தில் பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கிறதா, ஏ.பி.எஸ். கம்பி இழுபடுகிறதா என்று. மறுபக்கத்துக்கும் அப்படியே. பிறகு 50 மைலிலிருந்து 100 மைலுக்குள் ஓட்டிவந்து, வீல் நட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் டார்க் ஸ்பானரால் மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள்.